படுத்தா மூக்கடைப்பு பக்கம் மாறுதே, தும்மலும் வருது, எலும்பு வளைஞ்சிருக்கா?

வளைவா இருக்க வாய்ப்பு கம்மி. நடு எலும்பு வளைஞ்சிருந்தா பெரும்பாலும் ஒரே பக்கம்தான் அடைக்கும், நீங்க சொல்ற மாதிரி திரும்பிப் படுத்தா பக்கம் மாறாது.

மூக்குக்குள்ள பக்கத்துக்கு மூணு டர்பினேட், அதாவது சவ்வு மூடின எலும்பு மடிப்பு இருக்கு, அதுல ரத்தம் நிறைஞ்சு ஒரு பக்கம் வீங்குறப்ப மறுபக்கம் சுருங்கும், சில மணி நேரத்துல மாறும், இது நிறைய பேருக்கு நடக்குறதுதான். படுத்தா கீழ்ப்பக்கம் இன்னும் வீங்கும். தும்மலும் இருக்குன்னீங்க, அலர்ஜி சேர்ந்து இதைப் பெருசாக்குதுன்னு தோணுது.

சில்லுனு ஒரு ஸ்டீல் தட்டை மூக்குக்குக் கீழ பிடிச்சு மூச்சு விடுங்க. காலைல, மத்தியானம், ராத்திரின்னு பாருங்க, பெரிய ஆவி வட்டம் பக்கம் மாறுச்சுன்னா இதேதான்.

ஒரே பக்கம் வாரக்கணக்கா அடைச்சாலோ ரத்தம் வந்தாலோ ஈஎன்டி டாக்டரைப் பாருங்க. மூக்கடைப்புக்குப் போடுற ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்தை மூணு நாளுக்கு மேல போடாதீங்க, அப்புறம் அதுவே அடைக்க வச்சிடும்.