கேளுங்கள், கம்ப்யூட்டர் வாத்தியாரிடம்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். பக்கத்துத் தெருவில் 'கோடிங்' வகுப்பு நடக்கிறது. கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவானோ?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம்

பதில்: மாட்டான் அம்மா. இந்த வயதுக்கு ஏற்றது ஸ்கிராட்ச் என்ற மென்பொருள்; கட்டளைகளை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகலாம், அதுதான் கோடிங். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்டது, 8 வயதிலிருந்து 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கென்றே செய்தது, முழுக்க இலவசம். ஒருமுறை தரவிறக்கிவிட்டால் இணையமும் தேவையில்லை. சேர்த்தே தீருவது என்றால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். எல்லாப் பிள்ளைகளின் திரையிலும் ஸ்கிராட்ச் பூனை ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தால், அது பார்த்து எழுதும் வகுப்பு. அந்தப் பணத்துக்குப் பையனோடு சில்வர் பீச் போய் சுண்டல் சாப்பிடலாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் வகுப்புக்கு 36 பிள்ளைகள். லேபில் ஓடுகிற கணினி 6. மின்சாரம் போனால் அதுவும் இல்லை. எப்படிப் பாடம் நடத்துவது?
– ஓர் ஆசிரியர், பாகூர், புதுச்சேரி

பதில்: சார், நானும் கடலூர் முதுநகரில் இப்படியொரு லேபில்தான் காலம் தள்ளினேன். அங்கே உப்புக் காற்றுக்கு முதலில் துருப்பிடிப்பது யு.எஸ்.பி. ஓட்டைதான். அதனால் மின்சாரமே தேவைப்படாத பாடங்களையும் கையில் வைத்திருந்தேன்.

பழைய மாதக் காலண்டர் தாளில் 5 அட்டை வெட்டுங்கள். ஒருபக்கம் 16, 8, 4, 2, 1 என்று எழுதி, மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். வகுப்பைப் பார்த்து 5 பிள்ளைகளை நிறுத்தி, வகுப்புக்கு இடமிருந்து வலமாக 16, 8 என்று அதே வரிசையில் தெரியும்படி ஆளுக்கு ஓர் அட்டை கொடுங்கள். தெரிகிற எண்களைக் கூட்டினால் "19 வேணும்" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் சலசலப்பு இருக்கும். அப்புறம் 16, 2, 1 மூன்றும் எண்ணைக் காட்டும், 8ம் 4ம் திரும்பிக்கொள்ளும். காட்டினால் 1, திருப்பினால் 0 என்று பலகையில் எழுதினால் 10011. 0, 1 இரண்டை மட்டும் வைத்துக் கணினி எண்ணும் இரும எண் வந்துவிட்டது; நீங்கள் அந்த வார்த்தையையே இன்னும் சொல்லவில்லை.

அதோடு விட்டுவிடாதீர்கள். 7, 13, 25 என்று ஒற்றைப்படை எண்களாகக் கேளுங்கள். கடைசி அட்டை வைத்திருக்கும் பிள்ளை, "சார், நான் திருப்பவே வேண்டாமா?" என்று கேட்கும் பாருங்கள், அதுதான் பாடம். 5 அட்டைக்கு உச்சம் 31. ஆறாவது அட்டைக்கு என்ன எண் என்று கேட்டால் 32 என்று அவர்களே கத்துவார்கள். கணினியைத் தொடாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் இந்த வழியை நியூசிலாந்தில் டிம் பெல் என்ற பேராசிரியரும் நண்பர்களும் 1990களிலேயே பரப்பத் தொடங்கிவிட்டார்கள்.

மின்சாரம் இருக்கும் நாளில் பாதி வகுப்பை அட்டையோடு தாழ்வாரத்தில் விட்டு, மீதி 18 பேரை லேபுக்குள் அழையுங்கள். கணினிக்கு மூன்று பேர். ஒருவர் தட்டச்சு செய்யட்டும், ஒருவர் என்ன அடிக்க வேண்டும் என்று சொல்லட்டும். மூன்றாமவர், நிரலை ஓட்டும் முன்பே என்ன விடை வரும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும். சொல்லாததைத் தட்டக் கூடாது என்பது கண்டிப்பான விதி. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே கீபோர்டைப் பிடித்துக்கொள்வது அதில் நின்றுவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

கேள்வி: 11ஆம் வகுப்பில் சி++, 12இல் பைத்தான். எதற்கு இரண்டு நிரல் மொழி?
– மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: தம்பி, இரண்டிலும் 7/2 போட்டுப் பார். சி++ 3 என்று சொல்லும், பைத்தான் 3.5 என்று சொல்லும். சி++இல் இரண்டு முழு எண்களை வகுத்தால் மீதியைக் கழித்துவிட்டு முழு எண்ணையே தரும். பைத்தானில் அந்த 3 வேண்டுமென்றால் 7//2 என்று கேட்க வேண்டும். ஒரே கணக்குக்கு இரண்டு மொழியும் வேறு வேறு முடிவு எடுத்திருக்கின்றன. ஒன்றை மட்டும் படித்தவனுக்கு இது கண்ணில் படாது. இன்னொன்று: பைத்தான் 3இல் மாறிக்கு, அதாவது ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டிக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். மதிப்பெண் = 45 என்று அடித்துப் பார், ஓடும். if, for போன்ற சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். பொதுத்தேர்வு விடைத்தாளில் மட்டும் புத்தகத்தில் உள்ளபடி எழுது. திருத்துகிறவர் தமிழ் மாறிக்குப் பழகியிருக்க மாட்டார்.