மதீனாவில் தெரிந்த கிரகணம்

கேள்வி: நபிகள் நாயகத்தின் மகன் இறந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்ததாகச் சொல்கிறார்கள். இது வானியலுக்குப் பொருந்துகிறதா? கிரகணம் பற்றித் திருக்குர்ஆன் என்ன சொல்கிறது? அந்த நேரத்தில் கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்பது மார்க்கமா?

பதில்: பொருந்துகிறது. மாரியா அல்கிப்திய்யா (ரலி) பெற்றெடுத்த இப்ராஹீம், பால்குடி மறவாத வயதில் மதீனாவில் இறந்த நாளில் சூரியனைக் கிரகணம் பிடித்தது. அந்தக் குழந்தையின் இறப்பே அதற்குக் காரணம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்து நின்ற நபி (ஸல்) அவர்கள் அந்தப் பேச்சுக்கு மறுப்புச் சொல்லாமல் இருந்திருந்தால், அது அவர்களுடைய சிறப்புக்குச் சான்றாகவே பரவியிருக்கும். அவர்களோ, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் இரண்டு அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இது பதிவாகியுள்ளது. துக்கத்தின் நடுவே வெளிப்பட்ட இந்த நேர்மையை எண்ணும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

இன்றைய வானியல் கணக்கின்படி, கி.பி. 632 ஜனவரி 27 அன்று மதீனாவில் கிரகணம் தெரிந்தது. அது ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தின் கடைசி நாட்களில் அமைகிறது. மாதத்தின் பத்தாம் நாளில் இப்ராஹீம் இறந்ததாகப் பழங்கால வரலாற்றாசிரியர் வாகிதீ எழுதியதை, சூரிய கிரகணம் பிறை மாதத்தின் இறுதியில் மட்டுமே நிகழ முடியும் என்று காட்டி, 1328இல் மறைந்த அறிஞர் இப்னு தைமிய்யா மறுத்திருக்கிறார். மார்க்க அறிஞர் ஒருவர் வரலாற்றுச் செய்தியை வானத்தின் ஒழுங்கைக் கொண்டு சோதித்தது இங்கே கவனிக்கத்தக்கது.

அந்த ஒழுங்கைத்தான் குர்ஆன் மீண்டும் மீண்டும் பேசுகிறது. சூரியனும் சந்திரனும் கணக்கின்படி இயங்குகின்றன (55:5, அதாவது 55ஆம் அத்தியாயம், 5ஆம் வசனம்). ஒவ்வொன்றும் தன் வட்டத்தில் நீந்துகிறது (36:40). அவற்றுக்குச் சிரம்பணியாமல், அவற்றைப் படைத்தவனுக்கே பணிய வேண்டும் (41:37). சந்திரன் ஒளியிழப்பது பற்றி 75:8 கூறுவது மறுமை நாளின் நிகழ்வு. நாம் காணும் வழக்கமான கிரகணத்துக்கு அதைப் பொருத்துவது சரியாகாது.

கர்ப்பிணிகள் பற்றிய தடைக்குக் குர்ஆனிலோ ஆதாரப்பூர்வமான ஹதீஸிலோ இடமில்லை. கிரகணம் விலகும் வரை தொழுவதும் பிரார்த்திப்பதும் தர்மம் செய்வதுமே நபிவழி. ஒவ்வொரு ரக்அத்திலும் (தொழுகையின் ஒரு சுற்றிலும்) இரண்டு ருகூஉகள் (குனிந்து பணிதல்) கொண்ட அந்தத் தொழுகையில் பெண்களும் கலந்துகொண்டார்கள். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்காதிருப்பது மட்டும் எல்லோருக்கும் பொதுவான எச்சரிக்கை.