தகயாமாவில் ஓர் இரவாவது தங்குங்கள்: கேள்வி பதில்

ஜப்பானின் கிஃபு மாநிலத்தில், ஹிடா என்று அழைக்கப்படும் மலைப்பகுதியில் இருக்கிறது தகயாமா. நான் நகோயாவில் குடியிருப்பதால் அங்கே அடிக்கடி போய்வருகிறேன். அந்த ஊரைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, காலையில் நகோயாவிலிருந்து கிளம்பி, தகயாமா, ஷிராகவாகோ இரண்டையும் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பிவிட முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் இரண்டு ஊரிலும் படம் எடுத்துக்கொண்டு வரலாம், அவ்வளவுதான். ‘ஹிடா’ விரைவு ரயிலில் தகயாமாவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அங்கிருந்து, செங்குத்துப் புல்கூரை வீடுகளுக்குப் பேர்போன ஷிராகவாகோ கிராமத்துக்குப் பேருந்தில் 50 நிமிடம். இடையில் மிச்சமிருக்கும் நேரத்தில் நீங்கள் தகயாமாவின் சன்மாச்சி என்ற பழைய தெருவுக்குள் போகும்போது அங்கே ஆள் தலைதான் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் கடைகளைச் சாத்திவிடுவார்கள், கூட்டமும் ரயிலேறிவிடும். தெரு கண்ணுக்குத் தெரிவதே அதற்கு அப்புறம்தான்: கறுத்துப்போன மரச்சட்டங்கள், வாசலோரம் ஓடும் வாய்க்காலின் சத்தம், சாகே (அரிசி மது) வடிக்கும் வீடுகளின் முன்னால் தொங்கும் பெரிய இலைப்பந்து. சுகி (ஜப்பானிய தேவதாரு) மரத்தின் இலையால் கட்டுவது அது. பச்சையாகத் தொங்கினால் புது சாகே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நாளாக ஆகப் பழுப்பேறிவிடும். எனவே ஓர் இரவு தங்குங்கள்.

இன்னொன்று. நகோயாவில் ஏறியதும் இருக்கைகள் எல்லாம் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும். தப்பான வண்டியோ என்று பதற வேண்டாம். முதல் முறை நான் இறங்கியே போய்க் கேட்டேன்! இருபது நிமிடத்தில் கிஃபு நிலையத்தில் வண்டி திசை மாறிவிடும்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கவனம் வேண்டும். சிக்கல் இறைச்சியில் இல்லை, ‘தாஷி’யில் இருக்கிறது. காய்ந்த மீனைச் சீவிக் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு அது. சோபா நூடுல்ஸைத் தொட்டுக்கொள்ளும் குழம்பு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், காய்கறி வேகவைத்த நீர் என்று எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும். ‘நிகு நாஷி’ (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் மாட்டையும் பன்றியையும் எடுத்துவிட்டு மீன் சாற்றை ஊற்றித் தருவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு மீன் ‘நிகு’ கிடையாது. மீன், தாஷி இரண்டையும் தனியாகச் சொல்லுங்கள். ஜப்பானிய மொழியில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுவது இன்னும் நல்லது.

நம்பிச் சாப்பிட ஒன்று சொல்கிறேன்: மிதராஷி டாங்கோ. அரிசிமாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்து, சோயா சாஸில் முக்கித் தணலில் வாட்டுவது. ஜப்பானில் மற்ற ஊர்களில் இதன் மேல் இனிப்புப் பாகு வழியும். தகயாமாவில் சர்க்கரையே கிடையாது, வெறும் உப்புக் கரிப்பு. சாஸ் தணலில் சொட்டிக் கருகும் வாசனை, தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து நிறுத்திவிடும். கொழுக்கட்டையை அடுப்பில் சுட்டால் எப்படி இருக்கும், அப்படி. குச்சியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், தெருவில் குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது.

ஹோபா மிசோவும் இந்த ஊருக்கே உரியது. காய்ந்த மக்னோலியா இலையைச் சின்னக் கரியடுப்பில் வைத்து, அதன்மேல் மிசோ, வெங்காயத்தாள், காளான் போட்டுச் சுடவைப்பார்கள். ஓரம் பொரியத் தொடங்கும்போது வழித்துச் சோற்றோடு சாப்பிட வேண்டும். மிசோவில் தாஷி கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஹிடா மாட்டிறைச்சி அவ்வளவு விசேஷமா? பட்ஜெட் குறைவு.

கொழுப்பு நரம்புநரம்பாக ஓடும் கறி. கிஃபுவில் குறைந்தது 14 மாதம் வளர்ந்த கறுப்பு மாடுகளில், தர நிர்ணயத்தில் தேறியதற்கு மட்டுமே அந்தப் பெயர். முழு ஸ்டேக்குக்குப் பணம் கொட்ட வேண்டாம். சன்மாச்சியில் அரிசி அப்பளம் மாதிரியான செம்பே மேல் இந்தக் கறி வைத்த சோற்று உருண்டை (சூஷி) இரண்டை வைத்துத் தருகிறார்கள், தட்டையும் சேர்த்தே தின்றுவிடலாம். வாயில் வைத்ததும் கரையும். என் கணக்கில் அது போதும், நாலாவது துண்டிலேயே திகட்டிவிடும். ராத்திரிக்கு ஒரு கிண்ணம் தகயாமா ராமென் குடியுங்கள். மெல்லிய சுருள் நூடுல்ஸ், சோயா சாஸ் சூப். ஊர்க்காரர்கள் அதை ‘சூகா சோபா’ என்பார்கள்.

அம்மா அப்பாவுக்கு எழுபது வயது. அதிகம் நடக்காமல் என்ன பார்க்கலாம்?

மியாகவா ஆற்றோரக் காலைச் சந்தையில் தொடங்குங்கள். கோடையில் ஏழு மணிக்கு, குளிர்காலத்தில் எட்டுக்கு ஆரம்பித்து மதியத்தோடு முடிந்துவிடும். பாட்டிமார் சிவப்பு முள்ளங்கி மாதிரி இருக்கும் ஒரு கிழங்கின் ஊறுகாயும் ஆப்பிளும் விற்பார்கள். சில்லறை யென் வைத்திருங்கள்.

பிறகு தகயாமா ஜின்யா. 1692-இல் ஷோகுன் (அப்போது ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) அரசு இந்தப் பகுதியைத் தன் நேரடி ஆட்சியில் எடுத்துக்கொண்டது, மரவளம்தான் காரணம். அதன் அதிகாரிகள் இருந்த இடம் இது, பிற்காலத்தில் 1969 வரை அரசு அலுவலகமாகவே இயங்கியது. உள்ளே போனதும் எல்லோரும் தத்தாமி (தடித்த பாய்) விரித்த அறைகளைப் பார்ப்பார்கள். நீங்கள் மரச்சட்டத்தில் ஆணியின் தலையை மறைத்திருக்கும் உலோகத் துண்டுகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் முயல் வடிவம்! செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். குளிர்காலத்தில் பலகைத்தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும், பெரியவர்களுக்குத் தடித்த காலுறை போட்டுவிடுங்கள்.

ஷிராகவாகோவுக்குப் போக முடியாவிட்டால்?

ஹிடா நோ சாத்தோ போங்கள். நகரிலிருந்து பேருந்தில் பத்து நிமிடம்தான். கைகூப்பினது போன்ற செங்குத்துக் கூரைவீடுகளையும் வேறு பழைய வீடுகளையும் பிரித்துக் கொண்டுவந்து, ஒரு குளத்தைச் சுற்றி நிறுத்தியிருக்கிறார்கள். ஆள் குடியிருக்கும் கிராமமில்லைதான். ஆனால் உள்ளே கணப்பு எரியும், அந்தப் புகைதான் கூரைப் புல்லைப் பூச்சியிடமிருந்து காப்பது. கண் கொஞ்சம் எரியும்.

திருவிழா எப்போது? டிக்கெட் உண்டா?

ஏப்ரல் 14, 15. அக்டோபர் 9, 10. கிழமை பார்ப்பதில்லை, தேதிதான் கணக்கு. தெருவில் நின்று பார்க்க டிக்கெட் தேவையில்லை. வசந்தத்தில் 12 தேர்கள், இலையுதிர் காலத்தில் 11. சிலவற்றில் நூலால் ஆட்டும் பொம்மைகள் உண்டு. முதல் நாள் இரவு விளக்கேற்றி இழுத்து வருவதுதான் எனக்குப் பிடித்தது. மழை வந்தால் தேர் கொட்டகையை விட்டு வெளியே வராது, அவ்வளவு பழைய அரக்கு வேலைப்பாடு. முன்னொரு அக்டோபரில் ஆறு மாதம் முன்பே அறை பிடித்து, இரண்டு நாளும் குடைக்குக் கீழே நின்றேன். அப்படி ஆனால் சாகுராயாமா ஹாச்சிமான் கோயிலருகே இருக்கும் தேர்க் காட்சிக்கூடத்துக்குப் போங்கள், அங்கே வழக்கமாக நான்கு தேர்கள் நிற்கும்.

முகமே இல்லாத சிவப்பு பொம்மை விற்கிறார்களே, அது என்ன?

சாருபோபோ. ஹிடா வழக்கில் குரங்குக் குட்டி. பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்த காப்புப் பொம்மை. இப்போது நீலம், மஞ்சள் என்று வண்ணத்துக்கொரு பலன் சொல்லி விற்கிறார்கள். சிவப்பையே வாங்குங்கள்.