நீட் எழுதாத அரசுப் பள்ளி மாணவி: பிளஸ் டூவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்குள் என்ன படிக்கலாம்?

கேள்வி இதுதான்: மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். நீட் எழுதவில்லை. வெளிமாநிலம் அனுப்ப மனமில்லை. என்ன வழி?

வழி நிறையவே இருக்கிறது. தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் எடுத்துவிட்டது. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா போன்றவற்றுக்கு நீட் வந்துவிட்டது. கட்டடக்கலைக்குத் திறனறித் தேர்வு வேண்டும். பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், பி.பார்ம்., பி.எஸ்சி. நர்சிங், ஐந்தாண்டுச் சட்டம், கலை அறிவியல் எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான். உங்கள் மகளின் பாடப்பிரிவுக்கு இவை அத்தனையும் திறந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. பொறியியலுக்குப் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டு, கால்நடைக்குத் தேதி முடிந்த பிறகு விசாரிக்கிறவர்கள் வருடா வருடம் உண்டு.

முதலில் சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் ரிசல்ட் வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். மே மாதத்தில் தாலுகா அலுவலகத்தில் தேங்கிவிடும். மத்திய அரசுக்கான ஓபிசி சான்று இங்கே செல்லாது. மாநிலத்தின் பிசி அல்லது எம்பிசி சான்றுதான் வேண்டும். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கிடையாது.

உங்களுக்குப் பெரிய பலம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020இல் மருத்துவத்துக்கு வந்து, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் வரை நீண்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசு பொறுப்பு. அதோடு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். ஒன்றை மறக்காதீர்கள்: கலந்தாய்வுக்கு வெளியே நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் 7.5 சதவீதச் சலுகையும் இல்லை, முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. “கவுன்சிலிங் எதற்கு, நேரே வாங்க, நாங்க பார்த்துக்கிறோம்” என்று போன் செய்யும் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்.

பொறியியல் கட் ஆஃப், அதாவது ரேங்குக்கு எடுத்துக்கொள்ளும் கூட்டு மதிப்பெண், 200க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்தால் 92 + 42 + 44, அதாவது 178. விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மொபைல் எண்ணைக் கொடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைக் கொடுத்தால், கடைசி நேரத்தில் ஓடிபிக்காக அவர் கடை வாசலில் நிற்க வேண்டிவரும்.

பலர் தோற்பது மதிப்பெண்ணில் அல்ல, கலந்தாய்வில் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாகக் குறிக்கும் விருப்பப் பட்டியலில். இத்தனைதான் போடலாம் என்ற வரம்பு கிடையாது. பத்து கல்லூரி போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். கிடைக்கும் என்று நினைப்பதை மேலே வைப்பது தவறு. கணினி முதல் வரியிலிருந்து இறங்கிவந்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதைப் பார்க்கவே பார்க்காது. ஆகவே ஆசைப்படும் வரிசையிலேயே அடுக்குங்கள். சென்ற ஆண்டின் கடைசிக் கட் ஆஃபை உங்கள் சமூகப் பிரிவில் பாருங்கள். ஓசி, அதாவது பொதுப் போட்டிக்கான கட் ஆஃபைப் பார்த்துப் பயந்து கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி) போன்றவற்றை விட்டுவிட வேண்டாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகமே நடத்தும் பி.டெக். படிப்பும் இதே கலந்தாய்வில்தான் வருகிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. பிஎஸ்ஜி, மதுரை தியாகராசர் போன்ற உதவிபெறும் கல்லூரிகளில் உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் விருப்பப் பட்டியலில் தனித்தனி வரிசையாக வரும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இல்லாமல் சேர்ந்தால் இரண்டுக்கும் கட்டணம் வேறு.

இடம் ஒதுக்கியதும் உறுதி செய்யக் குறைந்த அவகாசமே தருவார்கள். அதற்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும். “அப்வர்ட்” கேட்டால், பட்டியலில் ஒதுக்கப்பட்ட வரிக்கு மேலே உள்ளவை மட்டும் பரிசீலிக்கப்படும். மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகக் கைவிட்டுப் போகும். வேண்டாத கல்லூரியை மேலே வைத்திருந்தால் இங்கேதான் அழ வேண்டியிருக்கும்.

மகளுக்கு உயிரியலில் நல்ல மதிப்பெண் என்றால் கால்நடை மருத்துவத்துக்குக் கட்டாயம் போடுங்கள். அதற்கும் கட் ஆஃப் 200தான். கணிதத்துக்குப் பதில் உயிரியலுக்கு 100. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை என ஏழு அரசுக் கல்லூரிகள். இடங்கள் குறைவு, போட்டி கடுமை, ஆனால் 7.5 சதவீதம் இங்கேயும் உண்டு.

அரசு கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்தைக் காப்பாக வையுங்கள். விண்ணப்பமும் பதிவும் சேர்த்து 50 ரூபாய்தான். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 2 ரூபாய். ரேங்க் அந்தந்தக் கல்லூரியில் தனித்தனி. மொழிப்பாடம் தவிர்த்த நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்தான் கணக்கு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணையும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். லயோலா, பாத்திமா போன்ற உதவிபெறும் கல்லூரிகள் இந்த விண்ணப்பத்தில் வராது. ஒவ்வொன்றிலும் தனியாகப் போட வேண்டும்.

இந்தக் கலந்தாய்வுகள் எல்லாம் ஒரே வாரத்தில் முடிவதில்லை. பொறியியலில் சேர்ந்த பிறகு கால்நடைக்கு அழைப்பு வரலாம். ஆகவே டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று எல்லாவற்றுக்கும் ஐந்தாறு செட் சான்றொப்பமிட்ட நகல் எடுத்து வைத்த பிறகே அசலைக் கொடுங்கள். பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ விதிப்படி, படிப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.