சோபாவுக்கு இருபது வருஷம் தவணை கட்டலாமா?

கேள்வி: நாலு மாதத்துக்கு முன் புது வீட்டுக்குக் குடிவந்தோம். மூன்று படுக்கையறை. நான், கணவர், ஒன்பது வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வருமானத்தில் 38 சதவீதம் வீட்டுக்கடன் தவணைக்கே போகிறது. வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து இன்னொரு 42. கையிருப்பு நாலு மாத வருமானம். ஹால் காலியாகக் கிடக்கிறது. யாராவது வந்தால் பிளாஸ்டிக் நாற்காலி போடக் கூச்சமாக இருக்கிறது. முழு வீட்டுக்கும் இன்டீரியர் செய்ய ஏழு மாத வருமானம் அளவுக்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது. “டாப்-அப் லோன் எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடலாம், மாதம் கொஞ்சம்தான் கூடும்” என்கிறார் கணவர். ஃபர்னிச்சர் கடையில் வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: கணவர் சொல்லும் அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டேஷன் 700. டாப்-அப் கடன், அதாவது இருக்கிற வீட்டுக்கடனுக்கு மேல் வாங்கும் கூடுதல் கடன், 9 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்குக் கிடைக்கிறது என்றால், மாதத் தவணை 6.30. அவர் சொன்னது பொய்யில்லை, கொஞ்சம்தான். ஆனால் 240 மாதமும் கட்டி முடிக்கையில் மொத்தம் 1,512 கட்டியிருப்பீர்கள். அதில் பொருளுக்குப் போனது 700, வட்டிக்குப் போனது 812.

எனக்கு வட்டியைவிட உறுத்துவது வேறொன்று. கடன் முடியும்போது உங்கள் சின்னப் பிள்ளைக்கு வயது 24. இப்போது அந்தப் பிள்ளை ஏறிக் குதிக்கப்போகிற சோபா பத்து வருஷம் தாக்குப்பிடித்தால் அது நல்ல சோபா. அதைத் தூக்கிப் போட்டபின் இன்னும் பத்து வருஷம் அதற்குத் தவணை ஓடும். கடனின் ஆயுள் பொருளின் ஆயுளைத் தாண்டக் கூடாது. இதில் நான் யாருக்கும் விலக்கு கொடுப்பதில்லை. சரி, ஐந்து வருஷத்தில் முடிகிற தனிநபர் கடனாக 12 சதவீதத்தில் வாங்கினால்? தவணை 15.57. மாதம் உங்களுக்கு மிஞ்சுவதே 20. மிச்சம் நாலரையை வைத்துக்கொண்டு ஒரு வாஷிங் மெஷின் பழுதைக்கூடச் சமாளிக்க முடியாது.

வட்டியில்லாத் தவணைக்கு வருகிறேன். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “முழுப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?” 10 சதவீதம் குறைப்பேன் என்றால் 100 ரூபாய்ப் பொருளின் நிஜ விலை 90. நீங்கள் 100-ஐப் பன்னிரண்டு தவணையாகக் கட்டுகிறீர்கள். கணக்குப் போட்டால் இது வருஷத்துக்கு 20 சதவீத வட்டியை ஒட்டி வருகிறது. பிராசசிங் ஃபீஸ் அதற்கு மேல். இன்னொரு வார்த்தையும் காதில் விழலாம்: ‘ஃப்ளாட் ரேட் 12 சதவீதம்’. கடைசி மாதம்வரை முழுக் கடனுக்கும் வட்டி போடும் முறை அது. இரண்டு வருஷத் தவணையில், குறைகிற பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் கணக்கில் அது 21.5 சதவீதத்துக்குச் சமம். குறைப்பே கிடையாது, ஃபீஸும் கிடையாது என்று எழுதிக் கொடுத்தால் ஒரே ஒரு பொருளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தைக்கு எடுங்கள், ஷோகேஸுக்கு வேண்டாம்.

இரண்டு கடனும் வேண்டாம் என்றால் என்ன செய்வது? மாதச் செலவும் தவணையும் சேர்த்து 80. கையிருப்பு 400-ல் அதன் நாலு மடங்கு, அதாவது 320, தொடாத பணமாக இருக்கட்டும். மீதி 80 இப்போது செலவழிக்கலாம். மாதம் மிஞ்சும் 20-ல் 14 வீட்டுக்கு, 6 கையிருப்புக்கு. இரண்டு வருஷத்தில் வீட்டுக்கு 416 போட்டிருப்பீர்கள், கையிருப்பும் 464 ஆகி ஆறு மாதச் செலவை நெருங்கியிருக்கும். கொட்டேஷனில் பாக்கி 284 இருக்கிறதே என்பீர்கள். அந்த 284-ல் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது என்பது என் பந்தயம்.

ஏனென்றால் வெறும் வீட்டைப் பார்த்துப் போட்ட கொட்டேஷன் அது. அதில் நீங்கள் எப்படிப் புழங்குவீர்கள் என்பது கொட்டேஷன் போட்டவருக்கும் தெரியாது, அன்றைக்கு உங்களுக்கும் தெரியாது. ஆலோசனை கேட்டு வந்த ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டுப் பேர் உட்காரும் டைனிங் டேபிள். அதன் ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி, நடுவே மடிக்காத துணிக் குவியல், ஓரத்தில் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸ். குடும்பமே தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது துணி மடிக்க ஒரு மேடையும், படிக்க ஒரு மேசையும்தான்.

நானும் லேசுப்பட்டவன் அல்ல. கடையில் அடக்கமாகத் தெரிந்த ‘எல்’ வடிவ சோபா, வீட்டுக்கு வந்ததும் பால்கனிக் கதவைப் பாதிதான் திறக்கவிட்டது. ஆறு வருஷம் என் மனைவி ஒருக்களித்துப் போய்த்தான் துணி காயப்போட்டாள். கடையின் கூரை உயரம், தளம் விசாலம். அங்கே எதுவும் சின்னதாகத்தான் தெரியும்.

ஆகவே வாங்கும் முன் பழைய செய்தித்தாளை ஒட்டி, சோபாவின் நீள அகலத்துக்கு வெட்டித் தரையில் விரியுங்கள். ஒரு வாரம் அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள். ஆள் நடக்கும் வழிக்கு 3 அடி வேண்டும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒன்றரை அடி. சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கு 2 அடி விளிம்பு. நாற்காலியை இழுத்து உட்காரப் பின்னால் 3 அடி. இதை விட்டுத்தான் பலர் ஆறு பேர் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு நாலு பேர் சாப்பிடுகிறார்கள். வார்ட்ரோப் ஆழம் 2 அடி, அதன் கதவு திறக்க இன்னும் 2 அடி. நடுவில் கட்டில் வந்தால் தள்ளுகதவு போடுங்கள்.

கணவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. சுவரை உடைக்கும் வேலையையும் தூசி பறக்கும் வேலையையும் குடியிருந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய முடியாது. அதனால் முதல் 80-ஐ அங்கே தொடங்குங்கள்: கூடுதல் பிளக் பாயின்ட், சமையலறை அலமாரி, படுக்கையறைத் திரைச்சீலை. அடுத்தது, உடம்பு தினமும் அதிக நேரம் தொடுகிற பொருள். மெத்தையில் நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் கிடக்கிறோம். விருந்தாளி சோபாவில் மாதத்துக்கு அவ்வளவு நேரம் யாராவது உட்கார்ந்தால் அதிசயம். மாமியாருக்குக் கைப்பிடியுள்ள, இருக்கை ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையாத ஒரு நாற்காலி இந்த மாதமே வாங்குங்கள். ஆழமான தாழ்ந்த சோபாவிலிருந்து வயதானவர்கள் எழுந்திருக்கப் படும் பாடு பார்க்கச் சகிக்காது.

ஃபால்ஸ் சீலிங், டிவி யூனிட், பிள்ளைகள் அறைக்குக் கார் வடிவக் கட்டில், இவையெல்லாம் காத்திருக்கட்டும். கார் கட்டில் காத்திருந்தே காலாவதியாகிவிடும். ஒன்பது வயதுக்காரர் இப்போதே அதைப் பார்த்துச் சிரிப்பார். சுவரோடு அடித்த வேலையை விற்கவும் முடியாது, இடம் மாற்றவும் முடியாது. நகர்த்தக்கூடிய அலமாரி என்றால் இன்றைக்குப் பொம்மைக்கு, நாளைக்குப் புத்தகத்துக்கு. உயரமான அலமாரி எதுவானாலும் சுவரோடு பிராக்கெட் போட்டு இறுக்குங்கள். நாலு வயதில் இழுப்பறை என்பது ஏணிப்படி.

ஒன்று புதிதாக வந்ததும் பக்கத்தில் இருப்பதெல்லாம் பழசாகத் தெரியும். டெனி டிடெரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர், புது அங்கி ஒன்று கிடைத்ததும் அதற்குப் பொருந்த அறையையே மாற்றிச் செலவாளியான கதையை 1769-ல் எழுதினார். கிராண்ட் மெக்கிராக்கன் என்ற மானுடவியலாளர் 1988-ல் இதற்கு ‘டிடெரோ விளைவு’ என்றே பெயர் வைத்தார். உங்கள் பிளாஸ்டிக் நாற்காலிக் கூச்சமும் அந்த ஜாதிதான் என்று நினைக்கிறேன். வந்தவர்கள் உட்கார்ந்தார்களா, பேசினார்களா? அவ்வளவுதான்.

பொருளின் தரம் பற்றிச் சுருக்கமாக: சிங்க்குக்குக் கீழே மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு வேண்டாம், தண்ணீர் பட்டால் ஊதிவிடும். கதவின் மினுக்கத்தைக் குறைத்து அந்தப் பணத்தைக் கீலிலும் டிராயர் சேனலிலும் போடுங்கள்; தினமும் அடிவாங்குவது அவைதான். சோபா வாங்கும்போது துணியைத் தடவிப் பார்ப்பதோடு ஃபோமின் டென்சிட்டியையும் (அடர்த்தி) கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

கொட்டேஷன்காரருக்கு முன்பணம் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் சண்டை வேண்டாம். மொத்தத் தொகையை அறைவாரியாக, பொருள்வாரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சமையலறையை மட்டும் இப்போது செய்வதாகவும், முன்பணத்தை அதில் வரவு வைக்கும்படியும் கேளுங்கள். பிரித்துத் தர மறுத்தால், எந்த வரியில் லாபத்தை ஏற்றி வைத்திருக்கிறார் என்று நீங்கள் பார்ப்பதை அவர் விரும்பவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். இன்னும் இரண்டு பேரிடம் அளவு எடுக்கச் சொல்லுங்கள்.