வயிற்றுப்போக்கோடு எடையும் குறைகிறதே?

கேள்வி: எனக்கு வயது 46. மளிகைக் கடை நடத்துகிறேன். ஐந்து மாதங்களாக நாளொன்றுக்கு ஐந்தாறு முறை வயிற்றால் போகிறது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுப்பிவிடுகிறது. நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் 62 கிலோவாக இருந்த எடை 53 ஆகிவிட்டது. மலம் எண்ணெய்ப் பிசுக்குடன் மிதக்கிறது; எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போவதில்லை. வீட்டில் 'உடம்புச் சூடு' என்கிறார்கள். மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை இரண்டு நாள்தான் தாங்குகிறது. இது என்ன நோயாக இருக்கும்?

வாசகர், தாராபுரம்

பதில்: நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தாலே அது நாட்பட்ட வயிற்றுப்போக்கு. உங்கள் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு தானாகவே கரைந்திருக்கிறது. தூக்கத்திலிருந்தும் எழ வேண்டியிருக்கிறது. மன அழுத்தத்தில் அதிகமாகும் குடல் எரிச்சல் நோய் உறங்குபவரை எழுப்புவது அரிது, இப்படி எடையையும் குறைக்காது. ஆகவே இதைச் சூடு என்று விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் எழுதியவற்றில் என்னை நிறுத்தியது அந்த எண்ணெய்ப் பிசுக்குதான். உணவிலுள்ள கொழுப்பு செரிக்காமலோ உறிஞ்சப்படாமலோ வெளியேறுகிறது என்பதற்கு அது அடையாளம். எனவே முதலில் கணையத்தையும் சிறுகுடலையும் பார்க்க வேண்டும். கேரளத்திலும் தமிழகத்திலும் மது அருந்தாதவர்களுக்கும் கணையத்தில் கற்கள் உண்டாகி, செரிமான நொதி சுரப்பது குறைந்து, பின்னர் சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்வதைப் பல காலமாகப் பார்த்துவருகிறோம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி எப்போதாவது வந்ததுண்டா என்று யோசித்துப் பாருங்கள். கற்கள் ஸ்கேனில் தெரிந்துவிடும். உணவோடு சேர்த்து விழுங்கும் நொதி மாத்திரைகளால் பலருக்கு எடை திரும்புகிறது.

சிறுகுடலின் உறிஞ்சும் பரப்பு பழுதானாலும் இதே நிலைதான். 1960களில் வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பலரை ஒருசேரத் தாக்கிய வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோயை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் விரிவாக ஆராய்ந்தார்கள். அதில் நாக்கு புண்ணாகி, ஃபோலிக் அமிலமும் பி12-உம் குறைந்து ரத்தசோகை வரும். சில மாதங்கள் டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும், கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயும் இந்த வரிசையில் வருபவையே.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறீர்கள் என்பதால் தைராய்டையும் விடக் கூடாது. கைகளை முன்னால் நீட்டி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். தாளின் ஓரம் படபடவென்று நடுங்கினால், அதோடு நெஞ்சுப் படபடப்பும் வியர்வையும் இருந்தால், தைராய்டு மிகையாகச் சுரக்கிறதோ என்ற ஐயம் வலுக்கும்.

மாலைக் காய்ச்சல், வலப்பக்க அடிவயிற்று வலி, பசியின்மை ஆகியவை இருந்தால் குடல் காசநோயை நினைக்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. குடலில் நாட்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயும் அதே போலத் தோன்றும் என்பதால், கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது அவசியம். பெருங்குடல் புற்றுநோய், எச்ஐவி ஆகியவற்றுக்கான சோதனையையும் மருத்துவர் சொன்னால் தயங்காதீர்கள்.

இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரியின் குடல்நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். மலப் பரிசோதனை, ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, சீலியாக் ரத்தச் சோதனை, வயிற்று ஸ்கேன் என்று தொடங்குவார்கள். அதற்குள் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சீலியாக் சோதனை பொய்யாக இயல்பென்று காட்டக்கூடும். கடை மாத்திரையின் அட்டையை எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் ரத்தம் போனாலோ, எழுந்தால் தலைசுற்றிச் சிறுநீரும் குறைந்தாலோ, அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.