அரோரா, அதாவது துருவப் பக்கத்து வானில் தெரியும் வண்ண ஒளி, கண்ணுக்கே தெரிகிறதே, அதை ஆராய ரேடார் எதற்கு? இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது?

நான் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரன், சொந்த ஊர் திருநெல்வேலி, இருப்பது பெங்களூரு அல்சூரில். 2024 மே 10, மதியம் 12 மணி தாண்டி 20 மீட்டர் சிற்றலை பேண்டில் காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். குரல்கள் ஒவ்வொன்றாக அமுங்கின, கடைசியில் இரைச்சலே அடங்கிவிட்டது. ஆன்டெனா கேபிள் கழன்றுவிட்டதென்று மொட்டை மாடிக்கு ஓடினேன். கேபிள் சரியாகத்தான் இருந்தது. சூரியன் வெடித்து, அதன் எக்ஸ் கதிர், ரேடியோ அலைகளைத் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் மேல்வான அடுக்கான நம் அயனி மண்டலத்தைக் கலக்கியிருந்தது. முந்தைய நாட்களின் வெடிப்புகள் வீசிய பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள் கூட்டம், வந்து சேர, அன்றிரவு லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது.

கண்ணுக்கு இருட்டும் மேகமில்லா வானமும் வேண்டும். வடக்கே கோடையில் இருட்டே கிடையாது, ஆனால் அரோரா நிற்பதில்லை. ரேடாருக்குப் பகலும் மேகமும் ஒன்றுதான். தவிர, போட்டோவில் வெளிச்சம் எங்கே என்று தெரியும். மேலே மின்னேற்றத் துகள்கள் என்ன வேகத்தில் ஓடுகின்றன என்பதை ரேடார் எதிரொலியின் டாப்ளர் மாற்றம்தான், அதாவது ஓட்டத்தால் அலையின் அதிர்வெண் மாறுவதுதான், சொல்லும்.

ஆரம்பத்தில் யாரும் இதைத் தேடிப் போகவில்லை. 1942 பிப்ரவரி கடைசியில் பிரிட்டிஷ் ராணுவ ரேடார்களில் பலத்த இரைச்சல். ஜெர்மானியர்கள் குழப்புகிறார்கள் என்றே நினைத்தார்கள். ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே என்ற ராணுவ ஆய்வாளர்தான் இரைச்சல் வரும் திசை சூரியனோடு சேர்ந்து நகர்வதைக் கவனித்தார். சூரியனில் அப்போது பெரிய புள்ளிக் கூட்டம் ஒன்று இருந்தது.

1947 ஆகஸ்ட் 15 இரவு, இங்கே முதல் சுதந்திர தினம் முடிந்த அதே இரவில், இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்கில் வானியலாளர் லவெலின் குழுவினர் போரில் மிஞ்சிய ரேடாரை வைத்து எரிகற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானில் அரோரா வந்தது, திரையிலும் அதன் எதிரொலி வந்தது.

அந்த எதிரொலி எல்லாத் திசையிலும் கிடைக்காது. சுவருக்கு நேராக எறிந்த பந்துதான் கைக்குத் திரும்பும், சாய்த்து எறிந்தால் வேறு பக்கம் ஓடிவிடும். அதே போல, அலை பூமியின் காந்தக் கோடுகளுக்குச் செங்குத்தாகப் போய் மோத வேண்டும். காரணம், திருப்பி அனுப்புவது அந்த ஒளியே இல்லை. எலக்ட்ரான்கள் அயனிகளை மிக வேகமாகக் கடந்து ஓடும்போது காந்தக் கோட்டோடு நீளும் சுருக்கங்கள், அதாவது அடர்த்தி கூடியும் குறைந்தும் வரும் மடிப்புகள், உண்டாகின்றன. அலையைத் திருப்பி அனுப்புவது அவைதான்.

இந்தச் சுருக்கங்களின் கணக்கை 1963-இல் ஃபார்லி, புனெமன் என்ற இரு இயற்பியலாளர்கள் தனித்தனியே போட்டார்கள். ஃபார்லி பார்த்துக்கொண்டிருந்தது அரோராவை அல்ல, பெருவில், காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் போகும் காந்த நடுக்கோட்டில் உள்ள ஹிக்கமார்க்கா ரேடாரின் எதிரொலிகளை! துருவத்துப் புதிரை அவிழ்த்தது நடுக்கோட்டு வானம். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1967 மே 23-இல் 1942-இன் கதை திரும்பவும் நடந்தது, இம்முறை அணுகுண்டுகளோடு. அமெரிக்காவின் ஏவுகணை எச்சரிக்கை ரேடார்கள் மூன்றும் ஒரே நேரத்தில் திணற, சோவியத் வேலை என்று விமானங்களை ஆயத்தப்படுத்தினார்கள். இது சூரியன் செய்த வேலை என்று விண்வெளி வானிலைக்காரர்கள் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள்.

சுருக்கங்களே இல்லாவிட்டாலும் எலக்ட்ரான்களின் மெல்லிய சிதறலைப் பெரிய ஆன்டெனாவால் பிடிக்கலாம் என்று 1958-இல் அமெரிக்கப் பொறியாளர் கோர்டன் சொன்னார். நார்வேயின் ட்ரோம்சோவில் 1981 முதல் இயங்கிய ஐஸ்கேட் ரேடார் அந்த வகை. இரு துருவங்களையும் சுற்றிக் கண்காணிக்கும் சூப்பர்டார்ன் ரேடார்கள் பின்னால் வந்தன.

பெருவின் அந்தக் காந்த நடுக்கோடு நம் தென்கோடியையும் தொட்டுத்தான் போகிறது. கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் அதனால்தான். நெல்லைக்கு மேலே 100 கிலோமீட்டர் சொச்ச உயரத்தில் பகல் வேளைகளில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அதிலும் அதே வகைச் சுருக்கங்கள், அதே வகை எதிரொலி. ஒளி மட்டும் இல்லை.